வுல்ஸ்லியை எடுக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

வருகிற சனிக்கிழமை நீ கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறாய். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் கடலும் இல்லை, மலையும் இல்லை. காலி வீதியில் ஒரு பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி இன்னொன்று பிடித்தால் முடிந்தது. மற்றத் தகப்பன்மார் பிள்ளைகளை லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மீன்குழம்புச் சட்டியோடு உன் வாசலில் வந்து நிற்கப்போகிறேன். ஆகவே இதில் கண்ணீரை எதிர்பார்க்காதே. இது அறிவுரை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன், கணக்காளராக வேலை பார்க்கும் தன் மகளுக்குச் சொல்லும் அறிவுரை. பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் உன் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. உனக்கு மட்டும் எழுதினால் மடித்துக் கைப்பைக்குள் வைத்து மறந்துவிடுவாய் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். வாசித்தவர்கள் உன்னிடம் வந்து விசாரிப்பார்கள். நீ பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. நான் சோடிக்கிறவன். கோயில் திருநாளுக்கு மாதா சுரூபத்தைப் பூவாலும் பல்பாலும் சோடித்துத் தெருவில் கொண்டு வருகிறோமே, அதற்காகச் சுரூபம் பொய்யாகிவிடுமா? பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் வாழ்ந்த வாழ்க்கையில், இந்த நாட்டில் ஓடிய கார்களில் பாதி என் கை பட்டுத்தான் ஓடின. ஒரு தரம் பம்பலப்பிட்டியில், நடு வீதியில், ஓர் அமைச்சரின் கார் கொதித்துப் புகைந்து நின்றது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் தெருவோரத்தில் ஒரு செவ்விளநீரை வாங்கிச் சீவி ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். கார் அங்கிருந்து கதிர்காமம் வரை நிற்காமல் போனது. அமைச்சர் இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதில் இளநீர் உண்மை, ரேடியேட்டர் உண்மை, புகை உண்மை. கதிர்காமமும் கைகுலுக்கலும் பூவும் பல்பும்.

இந்தச் சோடனையால் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உன் வகுப்பு ரீச்சரிடம் 'பிள்ளை வயலின் வாசிப்பாள்' என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வயலின் இருந்தது உண்மை. ஹோலில் சுவரில் மாட்டியிருந்தது. அவர்கள் உன் பெயரைப் பரிசளிப்பு விழாவில் போட்டுவிட்டார்கள். நீ அழுத அழுகையில் அம்மா போய் ரீச்சரிடம் உனக்குக் கை சுளுக்கு என்று சொல்ல வேண்டிவந்தது. அம்மா சொன்னது பொய். நான் சொன்னது நம்பிக்கை. இப்போதும் சொல்கிறேன், கொஞ்சம் பழகியிருந்தால் நீ வாசித்திருப்பாய்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையும் பெண்ணும் சோடித்துக்கொண்டு எங்கேயாவது போய்ப் படம் எடுக்க வேண்டுமாம், அதற்குப் பெயர் ப்ரீ-ஷூட்டாம். பொரளையில் ஒரு வளவில் ஒரு பெரிய மனிதர் தன் பழைய கார்களை வரிசையாக வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களுக்குத் திறந்துவிடுகிறார், அங்கே எடுத்தால் நன்றாயிருக்கும், முதலில் இரண்டு வீட்டாரும் போய்ப் பார்த்துவருவோம் என்று நீதான் ஒழுங்கு செய்தாய். பழைய கார் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் நான் வெள்ளைச் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நீ வந்து பக்கத்தில் நின்றாய்.

"அப்பா, இண்டைக்கு ஒரு நாள். ஒரேயொரு நாள். அங்கிளுக்கு முன்னால ஒண்டையும் சோடிக்காதீங்கோ."

"நான் என்ன சோடிக்கிறன்?"

"அவர் நம்புற ஆள் அப்பா. நீங்க சொல்லுற எல்லாத்தையும் அப்பிடியே நம்புறார். செவ்விளநீர்க் கதையைக் கோயில் பாட்டுக் குழுவில சொல்லியிருக்கிறார். நாளைக்கு இதெல்லாம் பொய்யெண்டு தெரிஞ்சால், அவர் உங்களைப் பாக்க மாட்டார். என்னைத்தான் பாப்பார். இவளும் இப்பிடித்தானோ எண்டு பாப்பார்."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். "சரி, சத்தியம்" என்றேன். அங்கிள் என்று நீ கூப்பிடும், உன் மாப்பிள்ளை ஜூட்டின் தகப்பன், என் சம்பந்தி, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கேள்வி கேட்டால் யோசித்து, சரியானதை மட்டும் சொல்லி, வாயை மூடிக்கொள்வார். இப்படிப்பட்டவர்களோடு எப்படிக் கதைப்பது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் நீ போய் வாழப்போவது அவருடைய வீட்டில். என் வாயால் அந்த வீட்டில் உன் பெயர் கெடக்கூடாது என்பது என் புத்திக்கு எட்டியது.

அம்மாவும் நீயும் நானும் ஓட்டோவில் போய் இறங்க, சம்பந்தியும் ஜூட்டும் பஸ்ஸில் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே போனால், மகள், உனக்கு அது பழைய இரும்பு. எனக்கு அது சொர்க்கத்தின் கராஜ். நீளமான தகரக் கொட்டகை, மெழுகு பூசிய வாசம், பழைய தோல் இருக்கைகளின் வாசம். சுவர்ப் பக்கமாக நிறுத்திய ஒஸ்டின், சந்தியில் திரும்பும்போது பக்கவாட்டில் சின்னக் கையை நீட்டிக் காட்டுகிற மொரிஸ் மைனர், சிவப்பு நிறத்தில் இரண்டே பேர் இருக்கிற ஒன்று, கறுப்பு நிறத்தில் ஒரு பழைய பிரேத வண்டி. பிரேத வண்டியைக் கடக்கும்போது சம்பந்தி நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு காருக்கு முன்னாலும் ஒரு கதை என் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினேன். விழுங்கி விழுங்கி எனக்கு வயிறு ஊதிவிட்டது.

சம்பந்தி வேறு சும்மா இருக்கவில்லை. ஒஸ்டினைக் காட்டி, "இதையும் நீங்க திருத்தியிருப்பீங்கள், என்ன சம்பந்தி?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"அப்ப அந்த மொரிஸ்?"

"இல்லை. சாமான் வித்தது மட்டும்தான்."

அவர் முகம் வாடிப்போனதை நான் கண்டேன். நீ காணவில்லை. நீ அப்போது வுல்ஸ்லி காருக்கு முன்னால் நின்றாய்.

பால் நிறத்தில், பளிங்கு போல, முன்னால் தன் சின்னமே விளக்காக எரிகிற கார் அது. இரவில் தூரத்தில் வரும்போதே இன்னார்தான் வருகிறார் என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தது. நீ ஜூட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அப்பா, இதுக்கு முன்னால நிண்டுதான் எடுக்கோணும்" என்றாய். கயிற்றைத் தாண்ட அனுமதி வேண்டும். கொட்டகையின் கடைசியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் சொந்தக்காரர். சிங்களவர், வயதானவர், நரைத்த மீசை. ஆறடிக்கு மேலே உயரம். அம்மா ஐந்தரை என்பாள், அம்மாவின் அளவு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். நான் கேட்கிறேன் என்று போனேன். என் சிங்களத்தைக் கேட்டுச் சிங்களவர்களே திகைப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

"மாத்தயா, அபி ஆவே அற கார் எக கன்ன" என்றேன்.

தமிழில் நாங்கள் படத்தை எடுப்போம். காரை எடுப்போம் என்றாலும், கல்யாண ஆட்கள் கார் முன்னால் நின்று சொன்னால் அது படம்தான். எடுக்க என்பதற்குச் சிங்களத்தில் கன்ன. போட்டோ என்ற சொல்லை நான் போடவில்லை, விளங்கிக்கொள்வார்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் கடையில் பாண் கன்ன என்றால் பாண் வாங்க. கார் கன்ன என்றால்? அந்த மனிதரிடம் நான் சொன்னது, 'ஐயா, நாங்கள் அந்தக் காரை வாங்க வந்திருக்கிறோம்' என்று.

அவர் கதிரையிலிருந்து மெதுவாக எழும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சேர்ட், சப்பாத்து, நிமிர்ந்த நெஞ்சு. "யார் சொன்னது உங்களுக்கு, நான் இதைக் குடுப்பன் எண்டு?" என்று தாழ்ந்த குரலில் சிங்களத்தில் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, மாத்தயா. கண்ட உடனே மகளுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் வந்து கயிற்றைத் தானே அவிழ்த்தார். கதவைத் திறந்து என்னை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருத்தினார். பொனெட்டைத் தூக்கிக் காட்டினார். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். வண்டி பூனை போல முனகியது. முன்னால் சின்னம் எரிந்தது. ஆள் யாரென்று பார்த்த உடனேயே இவருக்கு விளங்கிவிட்டது, பஞ்சிகாவத்தையில் என் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். அதே நேரம் நீ அம்மாவின் கையைக் கிள்ளிக்கொண்டு, முகம் சிவந்து, என்னைப் பார்த்த பார்வை ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு சொல்லும் சோடிக்காமல் இருக்கிறேனே, பிறகு ஏன் இந்தப் பிள்ளை முழிசுகிறாள் என்று யோசித்தேன். நீயும் சம்பந்தியும் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் சிங்களம் ஒழுங்காகத் தெரியும் என்பதை நான் மறந்துபோனேன்.

அந்த மனிதர் கதவில் கை வைத்தபடி கதைத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் மெல்பர்னில். ஃபோன் எடுக்கிற நேரமெல்லாம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வரச் சொல்கிறார்கள். மற்றவை போனாலும் பரவாயில்லை, இதை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் இருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கராஜ் இருக்கா மாத்தயாவிட்ட? கடல்காத்துப் படாத இடமா?"

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கன்ன. அவருக்கு அது வாங்க. ஆனால் பழக்கத்தில் வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அவிசாவளைப் பக்கம் ஒரு கராஜ், சுற்றிவர மதில், காவலுக்கு ஒரு நாய். நாய்க்குப் பெயர்கூட வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். மூடினேன். உண்மையைச் சொல்வோம் என்றால், நான் மூன்றாம் மாடிக்காரன், என் குடைக்கே பக்கத்து வீட்டுக் கொரிடோரில்தான் இடம். அதைச் சம்பந்திக்கு முன்னால், அந்தக் கார் இருக்கையில் இருந்துகொண்டு சொல்லவும் நா எழவில்லை. மகள், உன் தகப்பன் பேச்சில்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பொரளை கண்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "கராஜ் இருக்குது, மாத்தயா. கொட்டாஞ்சேனையில. எங்கட வீட்டில."

சம்பந்தி! அச்சரம் பிசகாத சிங்களத்தில் சம்பந்தி!

அந்த மனிதர் அவர் பக்கம் திரும்பினார். "கூரை இருக்கா?"

"ஓம், கூரை... இருக்குது."

"தகரமா, ஓடா?"

சம்பந்தி யோசித்தார். அவர் யோசித்துத்தானே சொல்வார். "ரெண்டும்" என்றார்.

"வாசல் எவ்வளவு அகலம்?"

சம்பந்தி இரண்டு கையாலும் அளந்து காட்டினார். அவர் காட்டிய அகலத்துக்குள் ஒரு சைக்கிள் போனால் பெரிய விஷயம். நெற்றியிலிருந்து வியர்வை மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. ஜூட் தகப்பனைப் புது மனிதரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொட்டாஞ்சேனையெண்டால் துறைமுகத்துக்குப் பக்கம். உப்புக் காத்து வருமே?"

"எங்கட வீட்டுக்கு வாறேல்லை" என்றார் சம்பந்தி.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பொய் இவ்வளவு கேவலமாகச் சொல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தொழில்காரனாலும் முடியாது. காரைவிட்டு இறங்கினேன். "மாத்தயா, அவருக்கும் கராஜ் இல்லை, எனக்கும் கராஜ் இல்லை. நாங்க வாங்க வரேல்லை. பிள்ளையளை இதுக்கு முன்னால விட்டு ஒரு போட்டோ எடுக்க வந்தனாங்கள். என்ர சிங்களம்தான் காரை வாங்கினது" என்றேன்.

அவர் என்னையும் சம்பந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பார், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிர் திரும்பி வந்துட்டுது" என்றார். "இண்டைக்கு மெல்பர்னுக்குச் சொல்லுவன், வாங்க ஆக்கள் வந்தவை, நான் குடுக்கேல்லை எண்டு." நல்ல மனிதர். அவரிடமும் கொஞ்சம் பூவும் பல்பும் இருந்தது. உன்னையும் ஜூட்டையும் பின் இருக்கையில் இருத்தி, கதவைச் சாத்தி, சின்னத்தை எரியவிட்டு, எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார். கல்யாண ஹோல் வாசலில் நீங்கள் வைக்கப்போகிற அந்தப் பெரிய படம் அன்றைக்கு அம்மா உன் ஃபோனில் எடுத்ததுதான். அதில் நீ சிரிக்கிற சிரிப்பு கெமராவுக்கு இல்லை, கொட்டாஞ்சேனைக் கராஜுக்கு.

நீங்கள் இருவரும் படத்தில் மூழ்கியிருந்தபோது, சம்பந்தியும் நானும் சந்தியில் தேத்தண்ணி குடிக்கப் போனோமே, அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இரண்டு ப்ளேன்டீயும் இரண்டு மீன் ரோல்ஸும் வந்தன. ரோல்ஸ் ரொய்ஸ் இல்லாத அந்தக் கொட்டகைக்குப் பிறகு, அன்றைக்கு நாங்கள் கண்ட ரோல்ஸ் அது மட்டும்தான். சம்பந்தி லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"பொய் சொல்லுறது லேசில்லை, என்ன சம்பந்தி? நீங்க எப்பிடித்தான் இவ்வளவு காலமாச் செய்யிறீங்களோ."

நான் ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். "அப்ப உங்களுக்கு..."

"செவ்விளநீர் கதையோ? அது முதல் நாளே தெரியும். முதல் தரம் சொல்லேக்க அது மீன்பிடி அமைச்சர். ரெண்டாந்தரம் கல்வி அமைச்சர். நான் கிளார்க் சம்பந்தி, இதெல்லாம் கவனிப்பன்."

"பிறகேன் பாட்டுக் குழுவில சொன்னனீங்கள்?"

"அவங்கள் விழுந்து விழுந்து சிரிச்சவங்கள். நான் சொல்லி ஒருத்தரும் சிரிச்சதில்லை. முதல் தரம்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், கேக்கிற சுவாமியே நித்திரையாப் போயிடுவார். இந்தக் கிழமை சொல்லுறதுக்கு ஒரு சாமான் கிடைச்சிருக்கு."

"ஏன் சம்பந்தி சொன்னீங்கள்? எனக்காக ஏன்?"

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "நீங்க பேச்சில்லாம நிண்டீங்கள். பாக்கேலாமப் போச்சு" என்றார்.

இதுதான் மகள், நான் சொல்ல வந்த அறிவுரை. உன் வீட்டுக்காரரின் சம்பளத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ சொல்ல அம்மா இருக்கிறாள். நான் சொல்வது இது: நீ போகிற வீட்டில் உன்னை ஒரு மாதிரிப் பார்க்க ஒருவரும் இல்லை. நீ பயந்த மனிதர், எல்லாம் தெரிந்துகொண்டுதான் உன்னைக் கேட்டு வந்திருக்கிறார். அங்கே உண்மையைச் சொல். அது அந்த வீட்டில் செல்லும். ஆனால் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சரியானதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால், வெள்ளவத்தைக்காரி நீ, கொஞ்சம் பூ வை. ஒரு பல்பைப் போடு. அவர்களுக்கு அது தேவைப்படுகிறது, கேட்கத்தான் தெரியவில்லை.

நேற்றுக் குசினியில் நீ அம்மாவிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. என் காது அப்படிப்பட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அங்கிள் என்று கூப்பிட முடியாது, மாமா என்றால் வாயில் வரவில்லை, ஜூட் கூப்பிடுவது போல நானும் அப்பா என்றே கூப்பிட்டால் இவருக்கு, அதாவது எனக்கு, மனம் நோகுமோ என்று கேட்டாய். அம்மா, "அவரையே கேள்" என்றாள். நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். வேறொருவர் கேட்டிருந்தால் அந்தப் பெயரைக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர், எனக்காக ஒன்றைச் சொல்லி, அதையும் சொல்லத் தெரியாமல் வேர்த்து நின்றார். அவரை அப்பா என்று கூப்பிடு, பிள்ளை. சத்தமாகக் கூப்பிடு. அந்தப் பெயருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்தக் கொழும்பில் இன்னும் ஒருவர்தான் இருக்கிறார்.

இதை எழுதியது,
அவர்தான்.